மூன்று பாகை வரை



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, முக்கோணவியல் முற்றொருமைகளைக் கொண்டு கோணங்களின் துல்லிய மதிப்பைக் காண்பது. பெரிய கடல். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். எதுவரை போகலாம்? 1 பாகை முதல் 90 பாகை வரை முழு எண் கோணங்கள் தொண்ணூறு இருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு, வர்க்கமூலக் குறியைத் தவிர வேறு குறி எதுவும் கலக்காமல், சைன் மதிப்பை எழுதிவிடலாம்?

விடையை ஒளித்துவைக்கப் போவதில்லை. முப்பது. 3, 6, 9, 12 என்று மூன்றின் மடங்குகள் மட்டும். மீதி அறுபது கோணங்களுக்கும் முடியாது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற பொருளில் சொல்லவில்லை. எந்தக் காலத்திலும் எவராலும் முடியாது என்று நிரூபித்தாகிவிட்டது. அந்த முப்பதும் எப்படி வந்தன, இந்த அறுபதும் ஏன் வரவில்லை? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுப் போவோம். கால்குலேட்டர் இருக்கும்போது இந்த வேலை எதற்கு? சைன் 18 என்று தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் 0.3090169944 என்று வந்து நிற்கிறதே! வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து இலக்கங்களையும் எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும், தான் எங்கிருந்து வந்தோம் என்று அவை சொல்லப்போவதில்லை. அதையே (√5 − 1)/4 என்று எழுதிப் பாருங்கள். 5 எட்டிப் பார்க்கிறது. 18-க்கும் 5-க்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்து காஸ் 36: அது (√5 + 1)/4. இரண்டையும் பெருக்குங்கள். மேலே 5 − 1, அதாவது 4. கீழே 16. விடை கால்! கருவியில் பெருக்கினாலும் 0.25 என்றுதான் காட்டும். ஆனால் அது அப்பழுக்கில்லாத கால்தானா, திரைக்கு வெளியே ஏதாவது வால் தொங்குகிறதா என்று கருவியைக் கேட்டால் அது கையை விரித்துவிடும். √5 கையை விரிக்காது.

சரி, நம் கையிருப்பு என்ன? ஒரு சதுரம், ஒரு சமபக்க முக்கோணம். பக்கம் 1 உள்ள சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டுங்கள்: 45 பாகை கிடைக்கிறது, மூலைவிட்டம் √2. பக்கம் 2 உள்ள சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து நேராக இரண்டாக வெட்டுங்கள்: 30-ம் 60-ம் கிடைக்கின்றன, குத்துயரம் √3. பள்ளிக்கூடத்தில் 0, 30, 45, 60, 90 என்று கட்டம் போட்டு ஒப்பித்தோமே, அந்த அட்டவணை முழுவதும் இந்த இரண்டு வெட்டில் அடக்கம்.

வெட்டுவது முடிந்தது. இனி முற்றொருமைகளின் ஆட்சி. சைன்(அ − ஆ) என்பது சைன் அ × காஸ் ஆ − காஸ் அ × சைன் ஆ. அ-வுக்கு 45, ஆ-வுக்கு 30 போடுங்கள். சைன் 15 = (√6 − √2)/4. டேன் 15 இன்னும் அழகு: 2 − √3. டேன் 75 அதன் உடன்பிறப்பு: 2 + √3. பெருக்கினால் 4 − 3, அதாவது 1. அப்படி வந்துதான் ஆகவேண்டும். இரண்டு கோணமும் சேர்ந்து 90 ஆயிற்றே.

இன்னொரு கருவி, பாதியாக்குவது. 2 சைன்² அ = 1 − காஸ் 2அ. ஒரு கோணம் தெரிந்தால் அதன் பாதி தெரியும். விலை ஒரே ஒரு வர்க்கமூலம். 30-ஐப் பாதியாக்கினால் 15, அதைப் பாதியாக்கினால் 7½, அதையும் பாதியாக்கினால் 3¾. இந்த 3¾ என்ற எண்ணைக் கேட்டதும் சில ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆமாம், ஆரியபட்டரின் எண்! கி.பி. 499-ஐ ஒட்டி அவர் எழுதிய ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணைக்கு 24 படிகள். 90-ஐ 24-ஆல் வகுங்கள், 3¾ பாகை. ஒரு பாகைக்கு 60 கலை என்ற கணக்கில் அது 225 கலை. ஆரத்தை 3438 என்று வைத்தால் முதல் மதிப்பும் 225 என்றே வருகிறது. ஏன் 3438? வட்டத்தின் சுற்றளவை 21600 கலையாக எடுத்து 2π-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஆரத்துக்கு மிக நெருங்கிய முழு எண் அதுதான். அந்த 24 கோணங்களும் சதுரத்திலிருந்தும் சமபக்க முக்கோணத்திலிருந்தும் பாதியாக்கியும் கூட்டியும் எட்டக்கூடியவை. எந்தப் படியில் ஏறினால் கால் வழுக்காது என்பதை அந்த அட்டவணை அறிந்திருக்கிறது.

ஆனால் நம் கேள்வி முழு எண் பாகைகளைப் பற்றியது. 30-ஐயும் 45-ஐயும் வைத்துக்கொண்டு எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் 15-இன் மடங்குகள்தான் வரும். பாதியாக்கப் போனால் 7½ என்று பின்னம் வந்துவிடுகிறது. பிறகு எப்படி 3-க்கு வருவது? புதிதாக ஒரு வித்து வேண்டும். அந்த வித்துதான் 18.

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கப் போகிறேன். பிளஸ் ஒன் மாணவர்கள் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். படித்ததை ஐந்து நிமிடம் மறந்துவிடுங்கள்.

தீட்டா என்பது 18 பாகை. ஐந்து தீட்டா 90. அந்த ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கிறோம்: 2 தீட்டா = 90 − 3 தீட்டா. இரண்டு பக்கமும் சைன் எடுத்தால், சைன் 2 தீட்டா = காஸ் 3 தீட்டா. இடப்பக்கம் இருமடங்குச் சூத்திரம், 2 சைன் காஸ். வலப்பக்கம் மும்மடங்குச் சூத்திரம், 4 காஸ்³ − 3 காஸ். இரு பக்கமும் ஒரு காஸ் இருக்கிறது, அதனால் வகுக்கிறோம். மிஞ்சுவது 2 சைன் = 4 காஸ்² − 3. காஸ்² இருக்கும் இடத்தில் 1 − சைன்² போடுகிறோம். சைன் மதிப்பை ‘ச’ என்று அழைத்தால், 4ச² + 2ச − 1 = 0. இருபடிச் சமன்பாடு! தீர்வு இரண்டு: (−1 + √5)/4, (−1 − √5)/4. 18 பாகை முதல் கால்வட்டத்தில் இருப்பதால் சைன் மிகை எண். ஆகவே சைன் 18 = (√5 − 1)/4. முழு மதிப்பெண். அடுத்த கணக்கு.

அடுத்த கணக்குக்கு ஓடிவிடுவதில்தான் எனக்கு வருத்தம். போகிற போக்கில் இரண்டு பேரை வெளியே தள்ளிவிட்டு வந்திருக்கிறோம். காஸால் வகுத்தபோது ‘காஸ் = 0’ என்ற ஒருவரை. கடைசியில் (−1 − √5)/4 என்ற இன்னொருவரை. யார் இவர்கள்? ஏன் வந்தார்கள்? அழையா விருந்தாளிகளா?

அவர்களும் முறைப்படி வந்தவர்களே. நாம் சமன்பாட்டிடம் 18 வேண்டும் என்று கேட்கவே இல்லை. எந்தக் கோணத்தின் ஐந்து மடங்கு 90-இல் போய் நிற்கும் என்றுதான் கேட்டோம். 18 பாகையின் ஐந்து மடங்கு 90. சரி. 90 பாகையின் ஐந்து மடங்கு 450. ஒரு முழுச் சுற்று கழித்தால் அதுவும் 90. அதுதான் நாம் வகுத்துத் தள்ளிய ‘காஸ் = 0’. 162-இன் ஐந்து மடங்கு 810. இரண்டு சுற்று கழித்தால் 90. 234-ம் அப்படியே, 306-ம் அப்படியே. 162-இன் சைனும் 18-இன் சைனும் ஒன்று. 234-க்கும் 306-க்கும் சைன் ஒன்று. அதுதான் குப்பைக்கூடைக்குப் போன (−1 − √5)/4, தசமத்தில் −0.809.

இந்த ஐந்து கோணங்களையும் ஒரு வட்டத்தில் குறியுங்கள். 18, 90, 162, 234, 306. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் 72 பாகை இடைவெளி. புள்ளிகளைச் சேர்த்தால் என்ன வருகிறது? ஒழுங்கு ஐங்கோணம்! நாம் ஒரு மூலையைக் கேட்டோம், சமன்பாடு ஐங்கோணத்தையே வரைந்து கையில் கொடுத்தது. யூக்ளிட் தம் நான்காம் புத்தகத்தில் அளவுகோலும் காம்பஸும் வைத்து வரைந்த அதே ஐங்கோணம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் அந்த எதிர்மறைத் தீர்வை அடிப்பதற்கு முன் இந்த வட்டத்தை ஒரு தடவை வரைந்து காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

இந்த 18-ஐ நம் நாட்டில் அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தார்கள். 1150-இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், அதில் ஜியோத்பத்தி என்ற பகுதியில் 18 பாகைக்கும் 36 பாகைக்கும் உரிய மதிப்புகளை, நாம் இன்று √5 போட்டு எழுதுகிற அதே அளவில் தந்திருக்கிறார். சைனின் கூட்டல் விதியும் அங்கே இருக்கிறது. வித்தும் உண்டு, கருவியும் உண்டு.

இப்போது நம் கையில் 15-ம் இருக்கிறது, 18-ம் இருக்கிறது. 15 லிட்டர் குடமும் 18 லிட்டர் குடமும் இருந்தால் 3 லிட்டர் அளந்துவிட மாட்டோமா? 18-இலிருந்து 15-ஐக் கழி. சைன் 3 = சைன் 18 × காஸ் 15 − காஸ் 18 × சைன் 15. மதிப்புகளைப் போட்டால் ஒரு நீளமான கோவை வருகிறது:

சைன் 3 = [ (√5 − 1)(√6 + √2) − 2(√3 − 1)√(5 + √5) ] / 16

பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உற்றுப் பாருங்கள். √2 சதுரத்திலிருந்து வந்தது. √3 சமபக்க முக்கோணத்திலிருந்து வந்தது. √5 ஐங்கோணத்திலிருந்து வந்தது. மூன்று உருவங்களும் ஒரே வரியில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. 3 கிடைத்தால் 6, 9, 12 எல்லாம் கூட்டல் விதியால் வரிசையாக வந்து நிற்கும். முப்பது கோணங்களும் நம் வசம்.

அடுத்து? 2 பாகை? 1 பாகை?

அவையோரே, இங்கேதான் சுவர் இருக்கிறது. இந்தச் சுவரில் முதலில் முட்டிய பெரியவர்களில் ஒருவர் தாலமி. இரண்டாம் நூற்றாண்டு, அலெக்சாந்திரியா. அவருடைய அல்மஜெஸ்ட் நூலில் சைனுக்குப் பதில் வட்டத்தின் நாண். அரைப் பாகை, ஒரு பாகை, ஒன்றரைப் பாகை என்று 180 வரைக்கும் நாண் அட்டவணை. அவர் ஏறிய படிகளைப் பாருங்கள்: ஐங்கோணத்திலிருந்து 72, அறுகோணத்திலிருந்து 60. கழித்தால் 12. பாதியாக்கினால் 6, பிறகு 3, பிறகு 1½, பிறகு ¾. நாம் இன்று மாலை நடந்த அதே பாதை! ஆனால் அட்டவணைக்கு வேண்டியது 1 பாகை. 1½-ஐ மூன்றால் வகுத்தால் ½ கிடைக்கும், அதை இரட்டித்தால் 1 கிடைக்கும். அந்த மூன்றால் வகுப்பது வடிவியல் வழியில் கைகூடாது என்பதைத் தாலமி உணர்ந்திருந்தார். நிரூபணம் அவரிடம் இல்லை, அனுபவம் இருந்தது.

என்ன செய்தார்? 1 பாகையின் நாணை இரண்டு பக்கமும் நெருக்கினார். ¾ பாகை நாணின் மூன்றில் நான்கு பங்கைவிட அது சிறியது. 1½ பாகை நாணின் மூன்றில் இரண்டு பங்கைவிட அது பெரியது. இரண்டையும் கணக்கிட்டால் அவருடைய அறுபதடிமான எண்முறையில், விட்டம் 120-க்கு, இரண்டும் ஒரே எண்ணாக நிற்கின்றன: 1 + 2/60 + 50/3600. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எண்ணும் அதுதானே என்று எழுதிவிட்டார். துல்லிய மதிப்பு கிடைக்காத இடத்தில் நேர்மையாகத் தோராயம் செய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் பாஸ்கரரும் 1 பாகையில் தோராயத்துக்குத்தான் போகிறார். ஒவ்வொரு பாகையாக ஏற அவர் தரும் விதியில் சைன் 1-க்குப் பதில் 10/573 என்ற பின்னம். தசமத்தில் 0.017452. நம் கருவியோடு ஆறு இலக்கம் ஒத்துப்போகிறது!

இன்னொருவரைச் சொல்லாமல் நகர முடியாது. சாமர்கண்டில் உலுக் பெக்கின் வானாய்வுக்கூடத்தில் இருந்த அல்-காஷி, 1429-இல் மறைந்தவர். அவர் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். மும்மடங்குச் சூத்திரம், 3 சைன் 1 − 4 சைன்³ 1 = சைன் 3. வலப்பக்கம் தெரிந்த எண். சைன் 1-ஐ ‘ச’ என்று வைத்து அதை இப்படித் திருப்பினார்: ச = (சைன் 3 + 4ச³)/3. ச-வைக் கண்டுபிடிக்க ச வேண்டும், வேடிக்கையாக இல்லை? ஆனால் செய்து பாருங்கள். சைன் 3-இன் மதிப்பு 0.0523359562. முதலில் ச³-ஐ மறந்துவிட்டு மூன்றால் வகுங்கள்: 0.0174453187. இதை வலப்பக்கத்தில் போடுங்கள்: 0.0174523978. திரும்பவும் போடுங்கள்: 0.0174524064. கருவி காட்டுவதும் 0.0174524064! இரண்டே சுற்றில் பத்து இலக்கம். அல்-காஷி இதை அறுபதடிமானத்தில், கையால், இன்னும் எத்தனையோ இலக்கம் தள்ளிப் போய்ச் செய்தார்.

அற்புதம். ஆனாலும் அது முடிவில்லாத தொடர்வேலை. வர்க்கமூலங்களால் ஆன ஒரு கோவை ஏன் வரவில்லை? இதற்கு விடை சொல்ல 1837 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பியேர் வான்ட்செல் என்ற பிரெஞ்சு இளைஞர், 23 வயது. அவருடைய வாதத்தின் சாரத்தை இந்த அரங்கிலேயே சொல்லிவிடலாம்.

1 பாகை கிடைத்தால் இருபது தடவை கூட்டி 20 பாகையைப் பெறலாம் அல்லவா? ஆகவே 20-ஐச் சோதித்தால் போதும். காஸ் 60 என்பது அரை. காஸ் 20-ஐ ‘க’ என்று எழுதி மும்மடங்குச் சூத்திரத்தில் போட்டால் 8க³ − 6க − 1 = 0. 2க-வை ‘ம’ என்று எழுதினால் ம³ − 3ம − 1 = 0. இதற்கு விகிதமுறு எண் ஏதாவது தீர்வாக வருமா? வந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். 1-ஐப் போடுங்கள்: 1 − 3 − 1, −3 வருகிறது. −1-ஐப் போடுங்கள்: −1 + 3 − 1, 1 வருகிறது. இரண்டும் பூச்சியம் இல்லை. ஆகவே இந்த முப்படிச் சமன்பாடு உடையாது. வர்க்கமூலம் ஒவ்வொன்றும் நம்மை இரட்டிப்பாக ஏற்றுகிறது: 2, 4, 8, 16. இந்த வரிசையில் மூன்றால் வகுபடும் எண் ஒன்றுகூட இல்லை. உடையாத முப்படிக்கு வேண்டியதோ 3. எத்தனை வர்க்கமூலத்தை அடுக்கினாலும் எட்டாது.

20 இல்லை. 20 இல்லாததால் 1 இல்லை. 1 இல்லாததால் 7-ம் இல்லை. இருந்தால் 6-ஐக் கழித்து 1-ஐப் பிடித்துவிடலாமே! 8-ம் இல்லை, இருந்தால் 9-இலிருந்து கழித்துவிடலாமே! மூன்றால் வகுபடாத எந்தக் கோணத்தை எடுத்தாலும் இதே கதி. அறுபது கோணங்களும் ஒரே அடியில் வெளியே.

“ஐயா, முப்படிச் சமன்பாட்டுக்குத்தான் கார்டானோ சூத்திரம் இருக்கிறதே, கனமூலம் போட்டு எழுதலாமே” என்று பின்வரிசையில் யாராவது கேட்கக்கூடும். நல்ல கேள்வி. போட்டுப் பாருங்கள். மூன்று தீர்வும் மெய்யெண்ணாக இருக்கும் இந்த இடத்தில் அந்தச் சூத்திரம் கலப்பெண்ணின் கனமூலத்தைக் கேட்கும். கலப்பெண்ணின் கனமூலம் எடுக்க என்ன செய்யவேண்டும்? அதன் கோணத்தை மூன்றாகப் பிரிக்கவேண்டும்! 3 பாகையை மூன்றாகப் பிரிக்கத்தானே கிளம்பினோம்? செக்குமாடு மாதிரி என்று சொல்ல வந்தேன், வேண்டாம். மெய்யெண்களின் மூலங்களை மட்டும் வைத்து இதை எழுத முடியாது என்பதும் நிரூபிக்கப்பட்டதுதான்.

அப்படியானால் அந்த அறுபது கோணங்களிடமும் முற்றொருமைகளுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான்.

காஸ் 20, காஸ் 40, காஸ் 80. மூன்றும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவை. தனித்தனியாக ஒன்றையும் எழுத முடியாது. மூன்றையும் பெருக்குங்கள். சைன் 20-ஐத் துணைக்கு அழைத்துப் பெருக்குங்கள். சைன் 20 × காஸ் 20 என்பது சைன் 40-இல் பாதி. அது காஸ் 40-ஐச் சந்தித்தால் சைன் 80-இல் கால். அது காஸ் 80-ஐச் சந்தித்தால் சைன் 160-இல் எட்டில் ஒன்று. சைன் 160 யார்? சைன் 20-தான்! துணைக்கு வந்தவரை வகுத்து வழியனுப்பிவிட்டால் மிஞ்சுவது 1/8. அப்பழுக்கில்லாத எட்டில் ஒன்று. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் சிறுவயதில் மோரி என்ற நண்பனிடம் இதைக் கேட்டு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அதனால் இதற்கு மோரியின் விதி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சைன் 10 × சைன் 50 × சைன் 70 = 1/8 என்று தேர்வில் கேட்கிறார்களே, அதுவும் இதுதான்; 90-இலிருந்து கழித்துப் பாருங்கள்.

இது தற்செயலா? வான்ட்செலின் சமன்பாட்டுக்குத் திரும்புங்கள், 8க³ − 6க − 1 = 0. அதன் மூன்று தீர்வுகள் காஸ் 20, −காஸ் 40, −காஸ் 80. தீர்வுகளின் பெருக்கல் பலன் கெழுக்களில் எழுதியிருக்கிறது: 1/8. க² உறுப்பு இல்லை, ஆகவே கூடுதல் பூச்சியம்: காஸ் 20 = காஸ் 40 + காஸ் 80. கோணங்களைத் தனித்தனியாகத் தர மறுத்த அதே சமன்பாடு, சேர்த்துக் கேட்டால் தயங்காமல் தருகிறது.

மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்துவிட்டு விடைபெறுகிறேன். சைன் 20 × சைன் 40 × சைன் 80 = √3/8. இதைப் பெருக்கல் சூத்திரங்களால் நிறுவ உங்களுக்குத் தெரியும், அப்படிச் செய்யாதீர்கள். சைனின் மும்மடங்குச் சூத்திரத்தை √3/2-க்குச் சமன்படுத்தி, வரும் முப்படியின் மூன்று தீர்வும் எவை என்று வட்டத்தில் குறியுங்கள். அவற்றில் ஒன்று எதிர்மறையாக வரும். அதை அடித்துவிடாதீர்கள்.